கொட்டகையும் காம்பராவும்



கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் முன்னோர் மொழி. கூடி உழைப்பதற்கும் கூடி உண்பதற்கும் இம்மொழியை எடுத்துக்காட்டுவோர் பலர். கூடிச் சிரிப்பதற்கும் கூடி அழுவதற்கும் அதனை எடுத்துக்காட்டுவோர் சிலரே. இன்று அதைப் பற்றியே பேச எண்ணுகிறேன். ஒரு காலத்திலே ஊரார் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ், ஒரே இருளிலே அமர்ந்து, ஒரே கதையைக் கண்டு களித்தார்கள். இன்றோ ஒரே வீட்டிலுள்ள ஐவர் ஐந்து கதைகளைத் தனித்தனியே காண்கிறார்கள். இந்த மாற்றம் எவ்வாறு வந்தது? அதனால் நாம் பெற்றது யாது? இழந்தது யாது? இவ்வினாக்களைப் பதுளை நகரையும் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களையும் வைத்தே ஆராய விரும்புகிறேன். நான் பிறந்ததும் அங்கே. இன்று அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராகப் பணியாற்றுவதும் அங்கேதான்.

சினிமா வருமுன்னர் நமது தோட்டங்களிலே பொழுதுபோக்கு இல்லாமல் இருந்ததில்லை. மாசி மாதத்திலே காமன் கூத்து நடைபெறும். மன்மதனும் ரதியும் லயத்து வாசலுக்கே வந்து ஆடுவார்கள். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் விடிய விடிய நடைபெறும். தப்பொலி கேட்ட மாத்திரத்திலே மேட்டு லயத்தாரும் பணிய லயத்தாரும் ஒரே களத்திலே வந்து கூடுவர். அங்கே மன்மதனாக ஆடுகிறவன் பகலெல்லாம் மலையிலே கவ்வாத்து வெட்டியவன். சுற்றி நின்று பார்க்கிறவர்கள் அவனுடைய மாமன் மைத்துனர்கள். ஆடுவோரும் காண்போரும் ஒரே குடும்பமாக இருந்த கலை அது.

இந்தச் சூழலிலேதான் சினிமா வந்து நுழைந்தது. 1901ஆம் ஆண்டிலே அன்றைய ஆளுநர் ரிஜ்வேக்கும் போயர் யுத்தக் கைதிகளுக்குமாகப் படக்காட்சி காட்டப்பட்டதே இலங்கையிலே நிகழ்ந்த முதற் படக்காட்சி என்று வரலாறு கூறும். அக்கைதிகளை அடைத்துவைத்த பெரிய முகாம் நமது ஊவாவின் தியத்தலாவையிலே இருந்தது என்பது நமக்கு நினைவிருக்கத் தக்கது. பின்னர்ப் பேசும் படங்கள் வந்தன. சென்னையிலே தயாரான தமிழ்ப் படங்கள் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மலைநாட்டு நகரங்களின் படமாளிகைகளை எட்டின. 1947ஆம் ஆண்டிலே வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் நாயகம் என்னும் தமிழரே. அது படமாக்கப்பட்டதும் தென்னிந்தியாவிலேயே. தோட்டத் தொழிலாளரின் வாழ்வையே கருவாகக் கொண்ட 'புதிய காற்று' என்னும் தமிழ்ப் படம் 1975ஆம் ஆண்டிலே, தொழிற்சங்கவாதியும் நடிகருமான வி. பி. கணேசன் அவர்களின் முயற்சியால் வெளிவந்தது. தேயிலைச் செடியும் கொழுந்துக் கூடையும் வெண்திரையிலே தோன்றியதைக் கண்டு எங்கள் மக்கள் அடைந்த பெருமிதத்தை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

என் இளமை நினைவொன்றைக் கூறுகிறேன். எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியிலே, நகரத்துக்கு 5 மைல் தொலைவிலே இருந்தது. சம்பளம் போட்ட மறுநாள் ஆண்கள் கூட்டங் கூட்டமாகப் பட்டணத்துக்கு இறங்குவார்கள். கடையிலே சாமான் வாங்குவார்கள், கடனைத் தீர்ப்பார்கள், மிச்சத்திலே படம் பார்ப்பார்கள். கலரி, ஓடிஸி, பல்கனி என்று வகுப்புகள் உண்டு. எங்களவர் அமர்வது கலரியிலேதான். இரவுக் காட்சி முடிந்தபின் திரும்பும் வழியெல்லாம் கதையும் பாட்டும் நிறைந்திருக்கும். மறுநாள் மலையிலே அந்தப் படம் இரண்டாவது முறையாக ஓடும். பார்த்தவன் சொல்லுவான், பாராதவன் கேட்பான். ஒரு நுழைவுச்சீட்டுக்குப் பத்துப் பேர் படம் பார்த்த காலம் அது.

ஆயினும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட்டு அப்பாற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில், அக்கூட்டத்திலே பெண்கள் மிகச் சிலரே இருந்தார்கள். காலையிலே பிரட்டுக்குப் போய், மாலையிலே கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்து, அடுப்பு மூட்டுகிறவளுக்கு 5 மைல் நடந்து படம் பார்க்க எங்கே நேரம்? என் தாயார் தம் வாழ்நாளிலே கொட்டகைக்குச் சென்றது ஒரே ஒரு முறை. 1979ஆம் ஆண்டிலே, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பதுளையிலே 'கர்ணன்' படத்தைத் திரும்பவும் திரையிட்டிருந்தார்கள். கர்ணன் வீழும் காட்சியிலே அம்மா அழுதார். அருகிலே இருந்த, முன்பின் அறியாத ஒரு மூதாட்டி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு தாமும் அழுதார். அந்தக் காட்சியைத் திரையிலே பார்த்ததைவிட அம்மாவின் முகத்திலேயே நான் மிகுதியாகப் பார்த்தேன்.

அந்த 1979ஆம் ஆண்டைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டிலே இலங்கைப் படமாளிகைகளுக்குச் சென்றோரின் தொகை 7 கோடிக்கும் மேற்பட்டது. அக்காலத்து நாட்டின் குடித்தொகையோ ஒன்றரைக் கோடியை எட்டவில்லை. அஃதாவது, கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து முறை படம் பார்த்தது போன்ற கணக்கு. அதுவே நமது படமாளிகைகளின் உச்சம். ஏறிய தேர் இறங்கத் தொடங்கியதும் அங்கிருந்துதான். அதே ஆண்டு ஏப்பிரல் 13ஆம் தேதி சுயாதீனத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் தேதி ரூபவாஹினி தொடங்கியது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. வீட்டுக்குள் வந்த முதற் பொழுதுபோக்குக் கருவி தொலைக்காட்சி அன்று, வானொலியே. 1925ஆம் ஆண்டு முதல் கொழும்பிலிருந்து வானொலி ஒலித்து வந்திருக்கிறது. அது ஏன் படமாளிகையை வெறுமையாக்கவில்லை? சிந்தித்துப் பார்த்தால் விடை எளிது. வானொலி குரலைக் கொடுத்தது, முகத்தைக் கொடுக்கவில்லை. மயில்வாகனன் அவர்கள் அறிவித்த பாடலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாடலுக்கு வாயசைத்தவரைக் காணவேண்டும் என்ற ஆவல் பிறந்தது. பின்னாளிலே கே. எஸ். ராஜா அவர்களின் 'திரை விருந்து' கேட்டவர்கள் அந்த வாரமே கொட்டகைக்குப் புறப்பட்டார்கள். ஒலிச்சித்திரம் கேட்டவர்களோ, காதால் கேட்டதைக் கண்ணால் காணவேண்டும் என்று ஏங்கினார்கள். வானொலி கொட்டகையின் வாயிற் காவலனாக நின்று மக்களை உள்ளே அழைத்தது. தொலைக்காட்சியோ குரலையும் முகத்தையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆவல் வீட்டிலேயே தீர்ந்துவிட்டால், ஐந்து மைல் நடப்பது எதற்காக?

இது நமது நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று. பிரித்தானியாவிலே 1946ஆம் ஆண்டு 163 கோடிக்கும் அதிகமான நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. தொலைக்காட்சி பரவியபின் அத்தொகை ஆண்டுதோறும் குறைந்து, 1984ஆம் ஆண்டிலே 5 கோடியே 40 இலட்சமாக வீழ்ந்தது. முப்பது பேர் அமர்ந்த இடத்திலே ஒருவர் மட்டும் எஞ்சியது போலாயிற்று. சினிமா மடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். ஆனால் புதிய அரங்குகளைக் கட்டி, இருக்கையையும் ஒலியையும் திருத்தி, ஒரே கட்டடத்திலே பல படங்களைத் திரையிட்டபோது கூட்டம் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தது. 2019ஆம் ஆண்டிலே அங்கு விற்பனையான சீட்டுகள் 17 கோடியே 60 இலட்சம். பழைய உச்சத்தை எட்டவில்லை எனினும், அழிந்துபோகவும் இல்லை.

நமது ஊவாவின் கதையிலே மற்றொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைவுடையதாகிவிடும். 1983ஆம் ஆண்டு ஜூலையிலே பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. கொழும்பை அடுத்த ஹெந்தளையிலே, திரைப்படத் துறையின் முன்னோடியான குணரத்தினம் அவர்களின் விஜயா படப்பிடிப்பு நிலையமும் அப்போதுதான் எரிந்தது. அதன்பின் எங்கள் தோட்டத்து மக்கள் பொழுது சாய்ந்தபின் பட்டணத்து வீதியிலே நடக்க அஞ்சினார்கள். 1988, 1989ஆம் ஆண்டுகளிலே தென்னிலங்கைக் கிளர்ச்சியின் போது ஊரடங்குச் சட்டமும் அச்சமும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தன. ஆறு மணிக்குக் கதவடைக்கும் ஊரிலே இரவுக் காட்சிக்கு யார் போவார்? ஆகவே, மக்கள் கொட்டகையை விட்டு வீட்டுத் திரைக்குச் சென்றது சோம்பலால் மட்டும் அன்று, அச்சத்தாலும்தான்.

வீட்டுத் திரையும் எங்கள் லயங்களுக்கு உடனே வந்துவிடவில்லை. ரூபவாஹினியின் ஒளிபரப்பு நிலையம் இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையின் உச்சியிலே அமைந்தது. எங்கள் மலைகளுள் சில அதன் முகத்தைப் பார்த்து நின்றன. சில நமுனுகுல மலையின் நிழலிலே மறைந்துகொண்டன. மூங்கிற் கழியின் நுனியிலே அன்டெனாவைக் கட்டி, ஒருவர் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து "தெரியுது, தெரியுது" என்று கூவிய நாட்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலான லயங்களிலே அன்று மின்சாரம் இல்லை. மோட்டார் வண்டியின் பற்றரியிலே கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடிற்று. கோயில் திருவிழாவிலே பட்டணத்திலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்துவந்து, இரவு முழுவதும் மூன்று படங்கள் போடுவார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டமே அங்கு கூடியிருக்கும். பெட்டி சிறிதாயினும் கூட்டம் பெரிது. காமன் கூத்துக்குக் கூடிய அதே களத்திலேதான் அந்தக் கூட்டமும் கூடியது.

பின்னர் மின்சாரம் வந்தது. தவணைப் பணத்துக்கு வர்ணப் பெட்டி வந்தது. 1993ஆம் ஆண்டிலே சென்னையிலே தொடங்கிய சன் தொலைக்காட்சியைப் போன்றவை வான்வழியாக வந்தன. தகரக் கூரைகளின் மேலே டிஷ் அன்டெனாக்கள் முளைத்தன. ஒரு லயத்துக்கு ஒன்றாக இருந்த பெட்டி ஒரு காம்பராவுக்கு ஒன்றாயிற்று. அந்நாளிலே எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வாங்கினேன். ஓய்வு பெற்றுவிட்ட அம்மா மாலைதோறும் அதன் முன்னே அமர்ந்திருப்பார். வாழ்நாள் முழுவதும் மறுக்கப்பட்டிருந்த கதைகளை அவர் காம்பராவிலிருந்தே கண்டார். மழையிலும் அட்டைக்கடியிலும் கழிந்த உடலுக்கு அது நியாயமான ஓய்வு. தொலைக்காட்சியை ஒரேயடியாகப் பழிப்போர், அது எங்கள் பெண்களுக்குத் திறந்துவிட்ட இந்தக் கதவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் அதே 'கர்ணன்' படம் தொலைக்காட்சியிலே வந்தது. நான் ஆவலோடு அம்மாவை அழைத்து அமர்த்தினேன். படம் முடிந்ததும், "எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேரெல்லாம் சின்னதாப் போச்சுப்பா. அழுதா கையப் புடிச்சிக்கவும் பக்கத்துல ஆளில்ல" என்றார். கலைப் பட்டம் பெறுவதற்காக நான் படித்த நூல்கள் பல. ஆயினும் சினிமாவைப் பற்றி இதைவிட உண்மையான விமரிசனத்தை எந்த நூலிலும் படித்ததில்லை. 2012ஆம் ஆண்டிலே அதே படத்தைப் புதுப்பித்துத் தமிழ்நாட்டிலே மீண்டும் வெளியிட்டபோது, வீட்டிலே பலமுறை பார்த்திருந்தவர்களும் திரளாக அரங்குக்குச் சென்றார்கள் என்று பத்திரிகைகளிலே படித்தேன். அம்மா சொன்ன சொல்லின் பொருள் அப்போது எனக்குப் பின்னும் தெளிவாயிற்று.

இனி, ஆசிரியன் என்ற முறையிலே என்னை வருத்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பதினோராம் தரத்திலே படித்த கெட்டிக்கார மாணவி ஒருத்தியின் கணிதப் புள்ளிகள் தவணைக்குத் தவணை குறைந்துகொண்டே வந்தன. அவள் தொலைக்காட்சி பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று முடிவு செய்து, தந்தையைக் கண்டிப்பதற்காக அவள் வீட்டுக்கே சென்றேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதிலே ஆறு பேர். ஒரே ஒரு விளக்கு. அதன் கீழே பெட்டி. மாணவி பெட்டிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தவண்ணம் கொப்பியை மடியிலே வைத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். காதுகளிலே பஞ்சு வைத்திருந்தாள். நான் பேச வாயெடுக்குமுன் தந்தை எழுந்து நின்று, "வேல விட்டு வந்தா எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான், சேர். இதையும் நிப்பாட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, கெஞ்சுதலாகவே கேட்டார். என்னிடம் விடை இல்லை. கண்டிக்கச் சென்றவன் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினேன்.

அன்றிரவு எனக்கு ஒன்று புலப்பட்டது. குற்றம் பெட்டியிலே இல்லை, இடத்திலேதான் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலே உறங்குவதற்கு மட்டும் போதுமென்று கட்டிய ஓர் அறை, இன்று சமையலறையாகவும் படிப்பறையாகவும் படமாளிகையாகவும் இருக்கவேண்டியதாகிவிட்டது. பல அறைகள் உள்ள வீட்டிலே தொலைக்காட்சி ஒரு வசதி. ஓர் அறை வீட்டிலே அதுவே எஜமான். மறுவாரம் முதல் பாடசாலையிலே ஒரு வகுப்பறையை மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை திறந்துவைத்தோம். ஆசிரியர்கள் முறைவைத்து இருந்தார்கள். முதல் நாள் நான்கு பிள்ளைகள் வந்தார்கள்; மாத முடிவிலே முப்பது பேர். அந்த மாணவி சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்திலே சித்தியடைந்தாள். தந்தையும் மாலைப் படத்தை இழக்கவில்லை.

இன்று பெட்டியின் காலமும் கழிந்துகொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினால் படமாளிகைகளும் பாடசாலைகளும் ஒருங்கே மூடப்பட்டன. பாடங்களைக் கைத்தொலைபேசியிலே அனுப்பினோம். சமிக்ஞை கிடைக்கும் பாறையைத் தேடி எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் மலையேறினார்கள். நகையை அடகு வைத்தும் பெற்றோர் தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். பாடசாலை திறந்தது, ஆனால் தொலைபேசி கையை விட்டு அகலவில்லை. இப்போது காம்பராவிலே சண்டை இல்லை, சத்தமும் இல்லை. தந்தை ஒரு மூலையிலே ஒரு படம். மகன் மறு மூலையிலே மற்றொரு படம். 1894ஆம் ஆண்டிலே எடிசனுடைய கருவியிலே ஒருவர் மட்டும் துளைவழியே குனிந்து அசையும் படத்தைப் பார்த்தார். அடுத்த ஆண்டிலே லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரிலே அதனைத் திரையிலே வீழ்த்திப் பலர் கூடிக் காணும்படி செய்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் சுற்றிவந்து, மீண்டும் ஒருவர் குனிந்து பார்க்கும் துளைக்கே நாம் வந்து சேர்ந்திருக்கிறோம் அன்றோ?

2022ஆம் ஆண்டிலே பொருளாதார நெருக்கடியின்போது ஒரு நாளிலே 13 மணி நேரம் வரையும் மின்சாரம் தடைப்பட்டது. துன்பமான காலந்தான், அதனைப் புகழ நான் வரவில்லை. ஆனால் அந்த இருளிலே ஒன்றைக் கண்டேன். தொலைபேசிகள் அணைந்தபின் மக்கள் இஸ்தோப்பிலே வந்து அமர்ந்தார்கள். கிழவர்கள் தாங்கள் பார்த்த பழைய படங்களின் கதையைச் சொன்னார்கள். பிள்ளைகள் வாய் திறந்து கேட்டார்கள். கூடிக் கதை கேட்கும் ஆசை மனிதனை விட்டு நீங்கவில்லை என்பதை அவ்விரவுகள் எனக்கு உணர்த்தின.

அந்த ஆசைக்கு இடம் கொடுப்பதே நமது கடமை. பட்டணத்துப் படமாளிகைகளின் உரிமையாளருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. குடும்பத்தோடு வரக்கூடிய சுத்தமும் பாதுகாப்பும் இருக்கட்டும். ஞாயிறு காலையிலே ஒரு காட்சி நடக்கட்டும். பிற்பகல் பஸ்ஸிலே தோட்டத்துப் பெண்கள் வீடு திரும்பக்கூடிய வேளையிலே அது முடியட்டும். அன்று கொட்டகைக்கு வர இயலாதிருந்த பாதிப் பேர் அப்போது வருவார்கள். வீட்டிலே பெரியோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வாரத்திலே ஒரு படத்தையேனும் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து ஒரே திரையிலே பாருங்கள், பார்த்தபின் பேசுங்கள்.

பாடசாலைகள் செய்யக்கூடியதை எங்கள் அனுபவத்தைக் கொண்டே கூறுகிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் மண்டபத்திலே வெள்ளைத் துணியைக் கட்டிப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல படத்தைக் காட்டி வருகிறோம். முதற் காட்சியிலே பாதியிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று அஞ்சினேன். ஒருவரும் எழவில்லை. முன் வரிசையிலிருந்த ஒரு பாட்டி, தமக்குத் தெரிந்தவரை மீதிக் கதையைச் சொல்லத் தொடங்கினார். இடையிலே அவர் தவறிய இடத்தைப் பின் வரிசையிலிருந்த மற்றொருவர் திருத்தினார். மண்டபம் முழுவதும் சிரித்தது.

நேயர்களே, கருவிகள் மாறும். கூத்துக்களம் கொட்டகையாயிற்று, கொட்டகை பெட்டியாயிற்று, பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிற்று. நாளை அது வேறொன்றாகலாம். அவற்றைத் தடுக்க நம்மால் இயலாது, தடுக்கவேண்டியதும் இல்லை. தேர் சிறிதாவதைப் பற்றியும் நான் மிகுதியாகக் கவலைப்படவில்லை. அழுகிறவரின் கையைப் பற்றிக்கொள்ளப் பக்கத்திலே ஒருவர் இருக்கவேண்டும். அதை மட்டும் நாம் இழந்துவிடலாகாது என்று கூறி, என் பேச்சை நிறைவு செய்கிறேன்.